ஊரார் போனில் அண்ணன் கார்டு

கடை ஒன்று, ஆள் இரண்டு. வாசலை ஒட்டிய பாதி என்னுடையது. போன் கவர், சார்ஜர், இயர்போன் விற்பேன், திரைக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுப்பேன். தடுப்புக்குப் பின்னால் உள்ள பாதி ரிப்பேர்க்கார அண்ணனுடையது. மின்விசிறி என் பக்கம் மட்டும்தான். தூசி பறந்து கேமராவுக்குள் போய் உட்கார்ந்துவிடும் என்று அவர் பக்கம் மாட்ட விட மாட்டார். வேர்த்து ஒழுகினாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பார் என்று நான் சொல்வதே பொய். அந்த மனுஷன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்டூலின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பார், ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு போனைத் திறந்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார், எழுந்து வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவார். தெருவில் எல்லாரும் அவரைத் துறுதுறு என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

கை மட்டும் தங்கம். தண்ணீரில் விழுந்த போன், பேருந்துச் சக்கரம் ஏறிய போன், கோபத்தில் சுவரில் அடித்த போன், எதுவாக இருந்தாலும் அவரிடம் வந்தால் பிழைத்துவிடும். ஆனால் வாய் இருக்கிறதே, அதுதான் தாங்காது. ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவார். "கார்டு நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க. பேங்க்லேருந்து பேசறோம்னு எவனாவது சொன்னா வச்சுடுங்க. ஆப் வாங்கறதுக்கு முன்னாடி யார் போட்டதுன்னு பாருங்க, சும்மா கண்டதையும் அமுக்காதீங்க." அவர்கள் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து கவர் விலை கேட்பார்கள்.

இத்தனை பேசுகிறவரிடம் ரொம்ப நாள் வரைக்கும் கார்டே கிடையாது. எல்லாம் ரொக்கம்தான். கார்டு என்றால் பயம். பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு. போனைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆப் இருக்கிறது, திரையின் எந்த மூலை தொட்டால் வேலை செய்யவில்லை, மைக் கேட்கிறதா, ஸ்பீக்கர் இரைகிறதா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். காசு கட்டித்தான் வாங்க வேண்டும், அதுவும் கார்டில்தான். அந்த ஆப்புக்கு ஆசைப்பட்டுத்தான் கிரெடிட் கார்டுக்கு எழுதிப் போட்டார்.

கார்டு வந்த அன்று அண்ணன் செய்த அமர்க்களத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் மூன்று எண் இருக்கும் அல்லவா, அதை மனப்பாடம் செய்துகொண்டு பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டார். கார்டை ஸ்குரூ டப்பாவின் அடியில் வைத்தார். அது சரிப்படவில்லை என்று எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு வீட்டில் பீரோவுக்குள் கொண்டுபோய் வைத்ததாகச் சொன்னார். போனில் எண்ணைப் பதிய வேண்டி வந்தபோது கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டார், எழுத்துத் தெரியவில்லை. மச்சினன்தான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னான். அண்ணியின் தம்பி அவன். வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டதால் வேறு வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கியிருந்தான். வாய் அதிர்ந்து பேச மாட்டான். அண்ணி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கிறார், அவர் வருவதற்குள் அவனே துணி துவைத்து, சமைத்து, பாத்திரமும் கழுவி வைத்துவிடுவான். கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்தால் எனக்கும் ஒரு டப்பா வரும். எனக்கு அவனைப் பிடிக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அண்ணன் ரிப்பேர் செய்து முடித்த ஒவ்வொரு போனையும் அந்த ஆப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ஆப் வாங்கும் ஸ்டோரில் அவர் பெயரில் இருந்த கணக்கில் வாங்கியது அது. அதனால் வாடிக்கையாளர் போனில் தன் கணக்கைத் திறப்பார், ஆப்பை இறக்குவார், சோதிப்பார், சரியாக இருந்தால் ஆப்பை அழித்துவிட்டுப் போனைத் துணியால் துடைத்துக் கொடுப்பார். "பாத்தியா, சுத்தமா எடுத்துட்டேன்" என்று என்னிடம் ஒவ்வொரு முறையும் காட்டுவார். நானும் பார்ப்பேன். ஆப் இருக்காது.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு சாயங்காலம் அண்ணன் போனில் கார்டிலிருந்து பணம் போனதாக மெசேஜ் வந்தது. சின்னத் தொகை. சோதனை ஆப்புக்கு மறுபடி கட்டணம் எடுத்திருப்பான் என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அடுத்த வாரம் அதைவிடப் பெரிதாக ஒன்று. மெசேஜில் ஆப் வாங்கும் ஸ்டோரின் பெயர் மட்டும் இருந்தது, வேறு விவரம் இல்லை.

அன்றிலிருந்து கடையில் ஒருவரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. சும்மாவே கால் தரையில் பாவாத மனுஷர், இப்போது கேட்க வேண்டுமா? ஸ்குரூவைக் கழற்றிவிட்டு எங்கே வைத்தோம் என்று தேடுவார். போன் சத்தம் போட்டால் திடுக்கிட்டுப் பாய்ந்து எடுப்பார், பார்த்தால் எனக்கு வந்த மெசேஜாக இருக்கும். சாயங்காலம் ஆனால் போதும், வாசலுக்கும் ஸ்டூலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

"என்ன வாங்கியிருக்காங்கன்னு உள்ள போய்ப் பாத்தீங்களாண்ணே?"

"என்ன வாங்கினா என்னம்மா? போனது என் காசு."

"பேங்குக்குப் பேசுங்க. முதல்ல கார்டை நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தினா ஆப் போயிடும், ஆப் போனா வேலை போயிடும். கொஞ்சம் சும்மா இரு."

கடைசியில் பேங்குக்குப் பேசினார். அந்தப் பக்கம் பேசிய பெண் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டிருப்பாள். "சார், வீட்டுல யாராவது வாங்கியிருக்கலாம், ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்களேன்." அவ்வளவுதான். அண்ணன் போனை வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கார்டு எண்ணை வாய்விட்டுப் படித்தவன் ஒருவன்தான். அண்ணன் கடையிலும் அண்ணி ஆஸ்பத்திரியிலும் இருக்கிற சாயங்கால வேளையில் வீட்டில் தனியாக இருப்பவனும் அவன்தான். மெசேஜ் வருவதும் சாயங்காலத்தில்தான்.

"அண்ணே, அந்தப் பையனை மட்டும் சந்தேகப்படாதீங்க."

"நான் சந்தேகப்படறேன்னு சொன்னேனா?"

"உங்க மூஞ்சி சொல்லுது."

ஸ்டூலிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் என்ன நடந்தது என்று இரண்டு நாள் கழித்து அண்ணி வந்து சொன்னார். வேலைக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை, கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பவும் இல்லை. "திருடினியான்னு கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், இவர் சிரிச்சுக்கிட்டே கேக்கறாரு, 'என்ன மாப்ள, அந்தக் கார்டு நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கா உனக்கு?'ன்னு. அவன் பாதியிலேயே கை கழுவிட்டான். காலைல நான் எந்திரிச்சுப் பாத்தா பையைக் கட்டி வச்சிருக்கான். எங்கடா போறேன்னா, கூடப் படிச்சவன் ரூம்ல இடம் இருக்கு, மருந்து கோடவுன்ல பேக்கிங் வேலை இருக்குன்னு சொல்றான். ஒரு வார்த்தை கோபமா பேசலை. பேசியிருந்தா எனக்குத் தாங்கும்."

தடுப்புக்குப் பின்னால் அண்ணன் ஒரு போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழு மும்முரமாக வேலை செய்வதாக நடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராகக் கேட்கத் துப்பில்லாமல் சிரித்துக்கொண்டே குத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அண்ணி போன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்டேன். "நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? ஞாபகம் இருக்கான்னுதானே கேட்டேன்" என்றார். அதற்குப் பதில் சொன்னால் எனக்குத்தான் தலைவலி.

அவன் போன பிறகும் மெசேஜ் வந்தது. எடுத்தது பையன் இல்லை என்று இப்போதாவது தெரியவேண்டாமா? "நம்பரை மனசுலயே எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார் அண்ணன். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லை, அது குரலில் தெரிந்தது. நம்பிக்கை இல்லாததால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார். அன்று மாலையே பேங்குக்குப் பேசிக் கார்டை நிறுத்தினார். நிறுத்தினால் மனசு அடங்கும் என்று பார்த்தால், இன்னும் மோசம். வீட்டில் அண்ணி தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாராம். கடையில் என்னிடமும் பேச்சு இல்லை. வெறுமனே நடந்துகொண்டிருந்தார். அவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே கால் வலித்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் பஸ் டிரைவர் வந்தார். பெரிய உருவம், காக்கிச் சட்டை, நல்ல மனுஷன். சில மாதங்களுக்கு முன் திரை உடைந்து அண்ணனிடம் மாற்றிக்கொண்டு போனவர். வந்ததும் வராததுமாகக் குறைபட்டுக்கொண்டார்.

"என்னங்க இது, நீங்க போட்டுக் கொடுத்தது திடீர்னு நின்னு போச்சு?"

"திரையா? எங்க, கொடுங்க."

"திரை இல்லீங்க. பஸ்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டிரைவர் போனைத் திறந்து காட்டினார். பஸ் ஓட்டுகிற விளையாட்டு. பகல் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடியும் பஸ் ஓட்டுகிறார்.

"வேலை முடிஞ்சும் பஸ்சா?" என்று கேட்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

"இதுல பயணிங்க சண்டைக்கு வர மாட்டாங்கம்மா. சில்லறை கேக்க மாட்டாங்க. நானா நிறுத்தினா இறங்குவாங்க." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "டூட்டி முடிஞ்சு சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓட்டுவேன். மாடி பஸ் வாங்கினேன், மலைப் பாதை வாங்கினேன். பட்டனை அமுக்கினா வந்துடும், ஒண்ணும் கேக்காது. நேத்து பனியில ஓட்டற பஸ்சை அமுக்கினேன், பணம் கட்ட முடியலைங்குது. எப்பவும் சும்மாதானே வரும்? நீங்க திரை மாத்தினப்போ சேத்துப் போட்டுக் கொடுத்ததுன்னு நினைச்சேன். எங்க டிப்போல எல்லார்கிட்டயும் உங்க கடையைத்தான் சொல்லியிருக்கேன்."

அண்ணன் அந்தப் போனை வாங்கிய வேகத்தைச் சொல்ல முடியாது. ஸ்டோரைத் திறந்தார். மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் அவருடைய படம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, காது இரண்டும் விறைப்பாகத் தெரியும். டிரைவர் போனுக்குள்ளிருந்து அண்ணனை அண்ணனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆப்பை அழிச்சேனேம்மா" என்றார். "ஒவ்வொரு தடவையும் அழிச்சேனே, நீயும் பாத்தியே."

ஆப்பைத்தான் அழித்திருக்கிறார். கணக்கை எடுக்கவே இல்லை. ஆப்போடு சேர்ந்து கணக்கும் போய்விடும் என்று நினைத்திருக்கிறார், ஊருக்கே பாடம் நடத்தியவர். கணக்கோடு கார்டும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. முதல் முறை ஸ்டோருக்குள் நுழையும்போது, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கட்டுமா என்று அது கேட்கும். அண்ணனுக்கு எங்கே பொறுமை? வேண்டாம் என்று தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். பின்பக்கத்து எண்ணைச் சுரண்டி என்ன பிரயோஜனம்? இந்தத் தெருவில், அடுத்த தெருவில், டிப்போவில், எத்தனை பேர் சட்டைப் பையில் அவர் கார்டு இருந்ததோ!

டிரைவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன், கொடுத்துவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அதைக் காதில் வாங்கினாரா என்றுகூடத் தெரியவில்லை. தன் போனில் பாஸ்வேர்டை மாற்றினார். கணக்கிலிருந்து கார்டை நீக்கினார். கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று பார்த்தார். வரிசையாகப் போன் மாடல்கள் வந்துகொண்டே இருந்தன. ஆள் பேர் இல்லை, மாடல் பேர் மட்டும்தான். ஊரில் பாதிப் பேர் ஒரே மாடல்தான் வைத்திருக்கிறார்கள், யார் எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். அவசரத்தில் இரண்டு முறை தன்னையே வெளியே தள்ளிக்கொண்டார்.

பிறகு அண்ணிக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்பது எனக்கே கேட்டது. "எனக்கு ஏன் சொல்றீங்க? அவனுக்குச் சொல்லுங்க." லைன் கட்டாகிவிட்டது.

"கூட வாம்மா" என்றார் என்னிடம்.

"நான் எதுக்கு?"

"தனியாப் போனா நான் வேற எதையாவது பேசிடுவேன்."

தன்னைப் பற்றி அவர் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை, நடந்தே போகலாம் என்றார். வழியெல்லாம் ஒத்திகை. "மாப்ள, என்னை மன்னிச்சுடுன்னு ஆரம்பிக்கவா? இல்ல, உன் மேல எனக்குச் சந்தேகமே இல்லைன்னு சொல்லவா?" சந்தேகம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றேன். சிக்னலில் நிற்காமல் இறங்கி ஒரு ஸ்கூட்டர்காரரிடம் திட்டு வாங்கினார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு அச்சகத்தின் மாடியில் அறை. கீழே இயந்திரம் ஓடுவது தரை வழியாகக் காலுக்குத் தெரிந்தது. சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், கொடியில் யார் யாருடையதோ சட்டைகள், ஜன்னல் மேட்டில் பல் துலக்கும் பிரஷ்கள் நிற்கும் ஒரு டம்ளர். மச்சினன் கோடவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், காலணியில் பாதிக் கால் நுழைந்திருந்தது.

"வாங்க அத்தான். வாங்கக்கா" என்றான். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. ஒரு பாயை விரித்தான்.

அண்ணன் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ. பஸ் டிரைவர் கதையைச் சொன்னார். நடுவில் ஆரம்பித்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்து, குழப்பியடித்தார். மாடி பஸ் என்று வந்தபோது பையன் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது, சரியாகிவிடும் என்று நினைத்தேன். கடைசியில் அண்ணன், "தப்புப் பண்ணிட்டேன்டா. உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்துடு, உங்க அக்கா என்கூடப் பேசறதில்லை" என்றார். சத்தியமாக நன்றாகத்தான் சொன்னார்.

மச்சினன் பையிலிருந்து தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"மத்தியானத்துலேருந்து பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டே இருக்கு அத்தான். உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுடுச்சு, மாத்திட்டீங்கன்னு அப்பவே நினைச்சேன். எப்படியும் வருவீங்கன்னும் தெரியும். இதுலேருந்தும் எடுத்து விட்டுடுங்க."

அந்தப் போனிலும் அதே வட்டம். அதே விறைத்த காது.

"இதுலயுமா?" அண்ணன் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "எப்பலேருந்துடா?"

"சார்ஜ் ஏறலைன்னு சரி பண்ணிக் கொடுத்தீங்கல்ல, அப்பலேருந்து."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லலை? அன்னைக்கு நான் கேட்டப்பவாவது எடுத்துக் காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அதைக் காட்டியிருந்தால் திருட்டை ஒப்புக்கொண்டதாகத்தான் நானே நினைத்திருப்பேனோ என்னவோ.

"அதுக்கு முன்னாடி சொல்லாததுக்குக் காரணம் வேற" என்றான். காலணியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீங்க வேணும்னேதான் விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன் அத்தான். வேலையில்லாம இருக்கான், கையில காசு இல்ல, கேக்கவும் கூச்சப்படுவான், ஏதாவது வேணும்னா வாங்கிக்கட்டும்னு. வாயைத் திறந்து சொன்னா எனக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லாம விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ் பேசிப் பழக ஒரு ஆப் பாத்து வச்சிருந்தேன். வாங்கற பட்டன் வரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன். இவ்வளவு நம்பறவர் காசு, நமக்கு வேலை கிடைச்ச பிறகு நம்ம காசுலயே வாங்கிக்கலாம்னு."

கீழே அச்சு இயந்திரம் நின்றது. மச்சினன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"மறந்துபோய்தான் விட்டீங்களா அத்தான்?"

இல்லை என்று சொல்லுங்கள், உனக்காகத்தான் விட்டேன் என்று சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். ஒரே ஒரு பொய். அந்தப் பையன் அதை நம்பத் தயாராகத்தான் நின்றான். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"ஆமாம்டா" என்றார். "மறந்துட்டேன்."

மச்சினன் தலையாட்டினான். மற்றக் காலையும் காலணிக்குள் நுழைத்தான். அண்ணன் கணக்கை எடுத்துவிட்டுக் கொடுத்த போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"பரவால்ல அத்தான்" என்றான். "நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."